எனக்கு நானே ஒதுக்கிக்கொண்ட இராகு காலம்

வாசகரே, கூண்டில் ஏறி நில்லுங்கள். தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. அதை எனக்கு நானே எப்போதோ சொல்லிக்கொண்டுவிட்டேன். கண்டதைக் கண்டபடி சொல்லும் சாட்சி ஒருவர் எனக்கு வேண்டும். அன்று அவையில் இருந்தவர்கள் அனைவரும் என்னைப் பற்றிய ஒரு பொய்யை மெய்யென்று நம்பிக் கைதட்டினார்கள்; அவர்களில் எவரையும் நான் சாட்சியாக அழைக்க இயலாது. ஆகவே நீங்கள் நில்லுங்கள்.

ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்டது, எல்லை மட்டும் தீரவில்லை என்றிருந்த ஆண்டுகள் அவை. விஜயபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஊர் சென்னையோடு சேருமா, ஆந்திரத்தோடு நிற்குமா என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லையை விசாரிக்க அதிகாரிகள் ஒருநாள் வருவார்கள் என்பதும், வந்தால் ஆங்கிலத்தில் எடுத்துரைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆள் நான்தான் என்று, நான் நைனா என்று அழைக்கும் என் தந்தை ஊரில் சொல்லி வைத்திருந்தார். பெரியவர்கள் உடனே ஒப்பவில்லை. "திருப்பதி மேடையில ஏறி ஒரு தபா இங்கிலீஷ்ல பேசிட்டு வரட்டும். அப்பால பாக்கலாம்" என்று நிபந்தனை போட்டார்கள்.

திருப்பதி மேடை என்பது கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ஆங்கிலச் சொற்போட்டி. சித்தூரில் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒருவர்தான் போகலாம். துணைக்கு ஒரு மாற்றுப் பேச்சாளர் உடன் செல்வார். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் சொற்போர் மன்றத்துக்கு. மன்றத்தின் செயலாளன் நான்.

மேடைப் பேச்சு எனக்குப் பயிற்சியால் வந்தது. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவது, எந்தச் சொல்லில் வலக்கையை உயர்த்துவது, முடிவுரையை எத்தனை படியாக அடுக்குவது என்பதையெல்லாம் கடலைக்கொல்லை வரப்பில் நின்று காகங்களுக்கு முன்னால் பழகியிருந்தேன். தமிழில் பழகிய அந்தச் சொற்கோபுரத்தை அப்படியே பெயர்த்து ஆங்கிலத்தில் நிறுத்தினேன். இரண்டு ஆண்டுகள் என்னை வெல்ல ஆளில்லை.

மூன்றாம் ஆண்டில் அவன் மன்றத்துக்கு வந்தான். எனக்கு ஓர் ஆண்டு இளையவன். மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மகன். வெள்ளைக்கார டாக்டர் சொல்லச் சொல்ல அவன் தந்தை மருந்துப் புட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆங்கிலம் கற்றவன். குரலை உயர்த்தமாட்டான். கையை அசைக்கமாட்டான். மேடையேறியதும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பான். அந்த ஒரு மிடறுக்கு அவை அமைதியாகிவிடும். அதே அமைதியைப் பெற எனக்கு மூன்று வாக்கியங்கள் தேவைப்பட்டன. அந்த ஆண்டின் முதல் இரண்டு போட்டிகளிலும் அவனே வென்றான்.

பொறாமை என்ற சொல்லை நான் மேடையில் பலமுறை கையாண்டிருக்கிறேன். எதிரணியைச் சாடுவதற்கு நல்ல சொல். அது உடம்புக்குள் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் பேசும்போது கைதட்டல்களை எண்ணினேன். என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அவன் சிரித்தபடி வந்து, "அண்ணா, இன்னிக்கு உங்க பேச்சு ஜோரா இருந்திச்சு" என்று சொன்னால், சோற்றில் கல் கடித்ததைப் போல இருந்தது. அவன் அதை உண்மையாகவே சொன்னான் என்பதுதான் கல்.

தோல்விக்குக் காரணம் தேடுவது பேச்சாளனின் தொழில். நானும் தேடினேன், கண்டுபிடித்தேன்.

எங்கள் மன்றத்தில் எழுதாத விதி ஒன்று இருந்தது. போட்டிகள் சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை இராகு காலம். எங்கள் வீடுகளில் பிறந்த எவனும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மேடையேற ஒப்பமாட்டான். மிஷன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே முதலில் அவர்கள் பேசுவார்கள். பத்தரை மணி அடித்தபின் நாங்கள் ஏறுவோம். கடவுள் வணக்கம் மட்டும் எட்டு ஐம்பத்தைந்துக்கே முடிந்துவிடும். யாரும் யாரையும் கேட்டுச் செய்த ஏற்பாடன்று. சாப்பாட்டில் பாயசம் கடைசியில் வருவதைப் போல அது தானாக நடந்தது.

காரணம் அதுதான் என்று முடிவு கட்டினேன். அவன் பேசும்போது நடுவர்களின் காது புதிது. நான் பேசும்போது அவர்களுக்குப் பசி. அவன் வென்றது நாவினால் அன்று, நேரத்தினால். இப்படி ஒரு முடிவுக்கு வந்த இரவில்தான் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

திருப்பதிக்கான தேர்வுப் போட்டி வந்தது. அறிவிப்புப் பலகையில் வரிசையை எழுதுபவன் செயலாளன். முதலில் என் பெயரை எழுதினேன். கடைசியில், பத்தே முக்காலுக்கு, அவன் பெயரை எழுதினேன்.

பலகைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"டேய், சனிக்கெயம ராகு காலத்துல ஏறப்போறானாம்டா இவன்!"

"ஜட்கா ஒண்ணு சொல்லி வைங்கடா, நேரா ஆஸ்பத்திரிக்கு!"

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, உங்க பேரு மொதல்ல கீதே. தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பில்ல. எப்பவும் அந்த நேரம் உங்க தலையிலதான் வியுது. இந்த தபா நல்ல நேரத்துல நீ பேசு."

"எனக்கு எல்லா நேரமும் ஒண்ணுதாண்ணா."

"எனக்குத் தெரியும். இருக்கட்டும், பேசு."

அவன் கண் கலங்கியது. கேலி செய்துகொண்டிருந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டு விலகினார்கள். சாட்சியாரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. பயிற்சி பெற்ற குரல் அது.

போட்டிக்குத் தலைப்பு முன்கூட்டித் தரப்படாது. அன்று காலை ஆங்கில ஆசிரியர் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்: சனி என்னும் கோளின் பெயர் இன்றைய ஆங்கிலத்தில் எவ்வாறு வழங்குகிறது?

அவை சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "சனி புடிச்சிச்சுடா!" என்று கத்தினான். சனிக்கிழமை, இராகு காலம், சனியைப் பற்றிய பேச்சு. மற்றப் பேச்சாளர்களை வேதியியல் அறைக்கு அனுப்பினார்கள். முன்னால் பேசுகிறவனைப் பின்னால் பேசுகிறவன் கேட்கக்கூடாது என்பது முறை. என் முறைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பகுத்தறிவு பற்றி அந்த ஆண்டில் மட்டும் நான்கு மேடைகளில் முழங்கிய நான், சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துணியில் முடிந்து வைத்திருந்த கறுப்பு எள்ளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பேச்சு நன்றாகவே அமைந்தது. நம்மிடையே அந்தப் பெயர் இன்னும் வானத்தில் இருக்கிறது. எண்ணெய் கேட்கிறது, எள் கேட்கிறது, ஏழரை ஆண்டு கேட்கிறது. கோபம் வந்தால் பிள்ளையைக்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வைகிறோம் என்று தொடங்கினேன். ஆங்கிலேயனோ அந்தக் கோளை வானத்திலிருந்து இறக்கி மனிதன் முகத்தில் குடியேற்றினான் என்றேன். சிரிக்காதவன், இருண்டவன், மெல்ல நடப்பவன் ஒருவனைக் கண்டால் அவனைச் 'சாட்டர்னைன்' என்கிறான். வாரத்தின் ஒரு நாளுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டு, அந்த நாள் எப்போது வரும், பள்ளி எப்போது பாதியில் முடியும் என்று காத்திருக்கிறான். அஞ்சவேண்டிய பெயரை அடைமொழியாக்கினான், அடைமொழியை அன்றாடமாக்கினான், அன்றாடத்தை விடுமுறையாக்கினான் என்று மூன்று படியில் முடித்தேன். வலக்கை உரிய இடத்தில் உயர்ந்தது. நீண்ட கைதட்டல். எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

பத்தே முக்காலுக்கு அவன் வந்தான். ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.

அவன் சொன்னது ஒரு மனிதனின் கதை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி ஒருவர் அவன் தந்தை வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயிற்றில் தீராத வலி. கை மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. சனி பிடித்திருக்கிறது என்று வீட்டில் வாரந்தோறும் எள் விளக்கு ஏற்றினார்கள். டாக்டர் அவர் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு. நோய்ச் சீட்டில் அவரும் அந்தக் கோளின் பெயரையே எழுதினார். பழைய இரசவாதிகள் காரீயத்தைச் சனி என்று அழைத்தார்கள். அதனால் காரீய நஞ்சுக்கு ஆங்கில மருத்துவத்தில் இன்றும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரீய எழுத்துக் கோக்கிற விரலைக் கழுவாமல் அந்த மனிதர் பல ஆண்டுகளாகச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"வீட்டாரும் சனி என்றார்கள், டாக்டரும் சனி என்றார்" என்றான் அவன், தன் அமைதியான ஆங்கிலத்தில். "வீட்டார் வானத்தைப் பார்த்தார்கள். டாக்டர் விரல்களைப் பார்த்தார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இப்போது மிகவும் தாழ்வான இடத்தில் வசிக்கிறது. தண்ணீரும் சோப்பும் போதும்."

அவை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். நடுவராக இருந்த ஆங்கில ஆசிரியரும் கையிலிருந்த சாக்கட்டித் தூளைப் பார்த்தார். என் மனத்தில் என்ன ஓடிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகராதியில் 'சாட்டர்னைன்' என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் மூன்றாவதாக இருந்தது. நான் அதை எப்போதோ படித்திருந்தேன். காரீயத்துக்கும் மேடைக்கும் என்ன உறவு என்று தாண்டிப் போயிருந்தேன்.

அத்துடன் நின்றிருந்தால் நான் வெறுமனே தோற்றிருப்பேன். அவன் நிற்கவில்லை.

"அந்தப் பெயரை முகத்துக்கு அடைமொழியாக வைக்கலாம் என்கிறது ஆங்கிலம். நம் கல்லூரியில் அதற்குப் பொருந்தாத ஒரு முகத்தை எனக்குத் தெரியும். என் மூத்தவர் ஒருவர், தாம் அஞ்சுகிற நேரத்தைத் தாம் எடுத்துக்கொண்டு, நல்லதென்று தாம் நம்புகிற நேரத்தை எனக்குத் தந்தார். எனக்கு அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவருடைய நம்பிக்கையின் விலை எனக்குத் தெரியும்."

அவை எழுந்தது. அவனுக்காக அன்று, எனக்காக. திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துத் தட்டினார்கள். என் முகம் தானாகவே அடக்கமாகக் குனிந்தது. முகத்துக்கும் நான் பயிற்சி கொடுத்திருந்தேன்.

ஆசிரியர் முடிவைச் சொல்ல எழுந்தார். தெலுங்குக்காரர், மனம் இளகினால் தெலுங்கு வந்துவிடும். இருவர் பேச்சும் சமம் என்றார். ஆனால் தன் போட்டியாளனுக்கு நல்ல நேரத்தை விட்டுக்கொடுத்தவனைத்தான் திருப்பதி பார்க்கவேண்டும் என்றார். என்னைக் காட்டி, "மஞ்சி மனசு அய்யா இதி!" என்றார். நல்ல மனமாம். இளையவன் மாற்றுப் பேச்சாளனாக உடன் செல்வான் என்று முடித்தார். முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டவன் அவன்தான்.

நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். அவன் தாய் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எனக்கும் பங்கு வைத்தான். பாகாலா தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரிடம் என் கதையைச் சொல்லி முடித்துவிட்டான். பின்னிருக்கையில் இருந்த பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்பதால் இரண்டாம் முறையும் சொன்னான். நான் சன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றி என் கையில் இருந்தது. ஆனாலும் பொறாமை ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. முன்பு அவன் பேச்சைக் கண்டு எரிந்தேன். இப்போது, இன்னொருவனை வாய் நிறையப் புகழ அவனால் முடிகிறதே என்று எரிந்தேன்.

நைனா எங்களுக்கு முன்னரே வந்திருந்தார். நான் தேர்வானால் மலையேறி முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், கையில் பிரசாதத்துடன், அடிவாரத்துச் சத்திரத்தின் முற்றத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். மாலை வெயில் முற்றத்தில் பாதிவரை கிடந்தது. யாத்திரிகர்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நைனா இலையைப் பிரித்து லட்டை உடைத்து இருவருக்கும் கொடுத்தார்.

வாங்கிய கையோடு அவன் தொடங்கிவிட்டான். "ஐயா, உங்க புள்ள எனக்காக இன்னா பண்ணாருன்னு தெரியுமா? ராகு காலத்த அவரு எடுத்துக்கினு நல்ல நேரத்த எனக்குக் குடுத்துட்டாரு!"

"சனிக்கெயம ராகு காலத்துலயா ஏறின?" என்று நைனா முதலில் பதறினார். பிறகுதான் மீதி அவருக்கு உறைத்தது. "இரு தம்பி. எவன் குடுத்தான்? இவனா?"

"ஆமா ஐயா."

நைனா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "தம்பி, எங்க கெணத்துல நாலு பங்காளிக்குத் தண்ணி மொற. ஒரு தபா கூட தன் மொறய விட்டுக் குடுத்ததில்ல இவன். பக்கத்துக் கயினியில நம்மள விட நாலு கதிரு கூட வெளஞ்சா ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டான் இவன். இவனா நல்ல நேரத்தத் தூக்கிக் குடுத்தான்?" சிரிப்பு மெல்ல நின்றது. என் பக்கம் திரும்பினார். "இன்னாடா பண்ண?"

நாற்பது மேடைகளில் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்களுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"மொதல்ல பேசினா செயிச்சிடலாம்னு நெனச்சேன் நைனா. அதுக்காகத்தான் மாத்தினேன். இவனுக்காக இல்ல."

அவன் கையில் இருந்த லட்டு வாய்க்குப் போகாமல் நின்றது. மெல்ல அதை இலையிலேயே வைத்தான்.

"அப்போ நான் மேடையில சொன்னது பொய்யாண்ணா?"

"நீ தெரிஞ்சு சொல்லல."

"தெரியாம சொன்னாலும் என் வாயிலதானே வந்திச்சு? அத்தினி பேரும் எந்திரிச்சு நின்னாங்களே." அவன் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "பஸ்ஸுல வேற சொல்லிக்கினு வந்தேன். ரெண்டு தபா. எங்க அப்பா உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. அத இப்ப இன்னா பண்றது?"

"அது இருக்கட்டும் தம்பி, திருப்பி வாங்காத" என்றார் நைனா. "இவனுக்குத்தான் அது வேணும்."

அவன் சிரிக்கவில்லை. நைனாவும் சிரிக்கவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நைனா இலையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"ஊர்ல எல்லாரும் காத்துக்கினு கீறாங்கடா. எல்லைக்காரங்க வந்தா நீதான் பேசுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு நீ பேசலன்னா நான் போயி இன்னா சொல்லுவேன்? பேசினா, அதுக்கப்புறம் இன்னா சொல்லுவேன்?"

அவர் கேட்டது என்னை மட்டுமன்று என்று தோன்றிற்று. எங்கள் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லப்போகிற நாவு எப்படிப்பட்ட நாவாக இருக்கவேண்டும் என்று அவர் ஊரையே கேட்டதுபோல இருந்தது.

நான் எழுந்து நின்றேன். பழக்கத்தில் வலக்கை உயர்ந்தது. அதைக் கீழே இறக்கினேன். கண்களை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவன் முகத்தில் நிறுத்தினேன். அந்த முகத்தில் ஆங்கிலம் எந்தக் கோளின் பெயரை எழுதியிருக்கும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. எழுதியவன் நான். சத்திரத்து முற்றம் முழுவதும் கேட்கும்படி, அடுக்கும் இல்லாமல் எதுகையும் இல்லாமல், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்:

"நாளைக்கு ஒம்போது மணிக்கு அந்த மேடையில நீ பேசுவ. அந்த எடத்த நான் உனக்குக் குடுக்கல. அது உன்னுது, நான் எடுத்துக்கினேன். எதுக்காக எடுத்துக்கினேன்னு காலையில நடுவருங்க கிட்ட நானே சொல்லுவேன். சித்தூருல வாத்தியாரு கிட்டயும் சொல்லுவேன். ஊர்ல நீ ஒண்ணும் சொல்லாத நைனா, அங்கயும் நானே சொல்லுவேன். அப்பால மொத வரிசையில உக்காந்து கை தட்டுவேன். பொறாமையோடதான் தட்டுவேன், அது எனக்குப் போவாது. ஆனா எல்லாருக்கும் முன்னால ஆரம்பிப்பேன், எல்லாருக்கும் கடைசியாத்தான் நிறுத்துவேன்."